40 மடங்கு ஜூம், 6 மாச இ.எம்.ஐ.: படாளம் பக்கம் கேமரா வாங்கினவங்க கணக்கு



நவம்பர் பிறந்துட்டா படாளம் கூட்ரோட்டுல கூட்டம் மாறிடும். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல வர்ற கார்கள் செங்கல்பட்டைத் தாண்டி, இங்கே வலது பக்கம் திரும்பி வேடந்தாங்கலுக்குப் போகும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டீ குடிக்க இறங்குறவங்க கழுத்துல ஒரு கேமரா தொங்கும். சிலர் பெரிய லென்ஸ் வெச்சிருப்பாங்க. ஆனா நிறைய பேர் கையில இருக்கிறது சட்டைப்பையிலயோ சின்னப் பையிலயோ அடங்குற, 30 மடங்கு, 40 மடங்கு ஜூம்னு எழுதியிருக்கிற சின்ன கேமராதான்.

அந்த கேமராவைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல கேமராவுக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சேனல்ல நான் ஒரு வீடியோ போட்டேன். "40,000 ரூபாய்க்கு கேமரா வாங்காதீங்க. அதை அப்படியே போட்டு வெச்சா, வருஷம் 12 சதவீதம்னு கணக்கு வெச்சாலும் 10 வருஷத்துல சுமார் 1,24,000 ஆகும்"னு அதுல சொன்னேன். கணக்கு சரிதான். ஆனா அந்த வீடியோவை எங்க அப்பாவும் பார்த்திருக்கார். அது எனக்கு அப்போ தெரியாது.

அப்பா சர்க்கரை ஆலையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயசுல சைக்கிள்லயே வேடந்தாங்கல் போயிட்டு வந்த ஆள். நத்தைக்குத்தி நாரை எது, மஞ்சள் மூக்கு நாரை எதுன்னு புத்தகம் இல்லாம சொல்லுவார். ரிட்டயர் ஆன பணத்துல ஒரு ஜூம் கேமரா வாங்கணும்னு அவருக்கு ஆசை. விலை, மாடல் எல்லாம் ஒரு டைரியில குறிச்சு வெச்சிருந்தாராம். என் வீடியோவைப் பார்த்ததும் டைரியை மூடி வெச்சிட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அம்மா சொல்லித்தான் போன பொங்கலுக்கு எனக்குத் தெரிஞ்சது. இந்த ரெண்டு வருஷத்துல அவருக்கு முழங்கால் தேய்ஞ்சு, முன்ன மாதிரி நடக்க முடியலை.

அதனால அந்த வீடியோவை நானே திரும்பப் பார்த்தேன். பிறகு இந்தப் பக்கத்துல இந்த மாதிரி கேமரா வாங்கினவங்க மூணு பேர்கிட்ட உட்கார்ந்து பேசினேன். எவ்வளவு செலவாச்சு, எத்தனை நாள் பயன்படுத்தினாங்கன்னு எழுதி வாங்கினேன். அதைத்தான் கீழே தர்றேன். பேரு வேண்டாம்னு சொன்னதால பேரு போடலை.

முதல் ஆள்: இ.எம்.ஐ.ல வாங்கினவர்

மறைமலை நகர் பக்கம் வேலை பார்க்கிற இளைஞர். புது கேமரா, 36,000 ரூபாய். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.', மாசம் 6,000, ஆறு மாசம். "வட்டியே இல்லையே, அப்புறம் என்ன?"ன்னு வாங்கிட்டார்.

இந்த 'நோ காஸ்ட்' விஷயத்தை நிதானமா பார்ப்போம். வட்டி இல்லாம எந்த வங்கியும் கடன் கொடுக்கிறதில்லை. 2013 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில, பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாது, வட்டி வேற பேர்ல ஒளிஞ்சிருக்குன்னுதான் சொல்லுச்சு. இன்னைக்கு நடைமுறை என்னன்னா, வட்டி எவ்வளவோ அந்தத் தொகையை விலையில முன்கூட்டியே தள்ளுபடியா காட்டுவாங்க. பிறகு மாசாமாசம் அதையே வட்டியா வசூலிப்பாங்க. ரெண்டும் நேராயிடும். ஆனா கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ன்னா, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதை யாரும் தள்ளுபடி பண்றதில்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வருஷ வட்டி 15 சதவீதம்னு வெச்சுக்கோங்க. 36,000 ரூபாயில வட்டிப் பங்கு சுமார் 1,524. அதுக்கு ஜி.எஸ்.டி. 274. பிராசஸிங் கட்டணம் 199ன்னா, அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 509 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லைதான். ஆனா முழுப் பணம் கொடுத்தா கடையில குறைச்சிருக்கக்கூடிய ஆயிரமோ ரெண்டாயிரமோ இதுல போயிடும். அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. மொத்தமா 36,000 எடுத்து வைக்கணும்னா ரெண்டு தடவை யோசிப்போம். மாசம் 6,000ன்னு சொன்னா யோசிக்க மாட்டோம்.

இவர் ரெண்டு வருஷத்துல மொத்தம் நாலு தடவை கேமராவை வெளியே எடுத்துட்டுப் போயிருக்கார். மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, பை எல்லாம் சேர்த்து மேல 4,500 செலவு. பீரோவுல வெச்ச இடத்துல ஈரம் சேர்ந்து லென்ஸ்ல லேசா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சதும் பயந்துபோய் 17,000க்கு வித்துட்டார். கணக்கு: 36,000 + 509 + 4,500 − 17,000 = 24,009. நாலால வகுத்தா, ஒரு பயணத்துக்கு 6,000 ரூபாய்.

ஏன் எடுத்துட்டுப் போகலைன்னு கேட்டேன். "முதல் நாள் படமே நல்லா வரலை, மனசு விட்டுப்போச்சு"ன்னார். இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ரெண்டாவது ஆள்: கடற்கரையில வாங்கினவர்

மாமல்லபுரத்துல ரெண்டு அறை வெச்சு விருந்தினர்களைத் தங்க வைக்கிறவர். அலைச்சறுக்கு பண்றவங்களையும், விடிகாலையில கரைக்கு வர்ற படகுகளையும் படம் எடுத்து, தங்க வர்றவங்களுக்குக் காட்டலாம்னு 38,000க்கு வாங்கினார். நியாயமான காரணம்தான், தொழிலுக்கும் உதவும்.

அஞ்சாவது மாசம், கேமராவை ஆன் பண்ணா லென்ஸ் பாதி வெளியே வந்து 'கரகர'ன்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. திரையில லென்ஸ் எர்ரர். காரணம் மணல். இந்த கேமராவுல லென்ஸ் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற குழாய்கள் மாதிரி வெளியே நீண்டு, திரும்ப உள்ளே போகும். சட்டைப்பையில அடங்குறதுக்குக் காரணமே அதுதான். அந்தக் குழாய்களுக்கு நடுவுல இருக்கிற சின்ன இடைவெளியில ஒரு மணல் துகள் போனா போதும். கடற்கரைக் காத்துல மணலும் இருக்கு, உப்பும் இருக்கு. மணல், தண்ணி போனதுக்கு வாரண்டி செல்லாது. பழுது பார்க்க 14,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. அவர் சரி பண்ணலை. அஞ்சு மாசத்துக்கு 38,000.

அவர் வருத்தப்பட்டுச் சொன்னது: "விக்கும்போது எத்தனை மடங்கு ஜூம்னுதான் சொன்னாங்க, எங்கே எடுத்துட்டுப் போகப் போறீங்கன்னு யாரும் கேட்கலை." நீங்க கடற்கரையில படம் எடுக்கத்தான் வாங்கறீங்கன்னா, லென்ஸ் வெளியே நீளாத, தண்ணி புகாத கேமரா பாருங்க, ஜூம் குறைவா இருந்தாலும் பரவாயில்லை. இல்லைன்னா காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்துட்டு உடனே பையில போடுற பழக்கம் வேணும். மணல்ல உட்கார்ந்துட்டு லென்ஸை நீட்டவே கூடாது.

மூணாவது ஆள்: பழசு வாங்கின டீச்சர்

மதுராந்தகத்துல ஸ்கூல் டீச்சர். 18,000 ரூபாய்க்குப் பழைய கேமரா. பேட்டரி, கார்டு 2,500. மூணு சீசனா, நவம்பர்லயிருந்து மார்ச் வரைக்கும் பெரும்பாலான சனிக்கிழமை காலையில வேடந்தாங்கலோ கரிக்கிலியோ போறாங்க. அறுபது தடவைக்குக் குறையாதுன்னு நோட்டைக் காட்டினாங்க. எந்தத் தேதி, என்ன பறவை, எத்தனை கூடு, எல்லாம் அதுல இருக்கு. அந்தப் படங்களைத்தான் வகுப்புல பிள்ளைங்களுக்குக் காட்டுறாங்க.

இன்னைக்கு வித்தா 10,000 வரும்னு வெச்சா, அவங்க செலவு 10,500. அறுபதால வகுத்தா ஒரு பயணத்துக்கு 175 ரூபாய். சினிமாவுக்குப் போனா ஆகுற செலவைவிடக் குறைவு.

முதல் ஆளுக்கு 6,000, இவங்களுக்கு 175. ரெண்டு கேமராவுக்கும் ஜூம்ல பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனா டீச்சரும் முதல் சீசன்ல நொந்துபோயிருக்காங்க. "எல்லாப் படமும் சோப்புத் தண்ணியில எடுத்த மாதிரி இருந்துச்சு சார்"னு சிரிச்சாங்க. அவங்க விட்டுடாம காரணத்தைத் தேடியிருக்காங்க. அந்தக் காரணம் தெரிஞ்சாத்தான் நீங்க வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும்.

40 மடங்குன்னா உண்மையில என்ன?

மடங்குங்கிறது, மிகக் குறைஞ்ச நிலைக்கும் மிக அதிக நிலைக்கும் உள்ள விகிதம். அவ்வளவுதான். கேனான் பவர்ஷாட் எஸ்.எக்ஸ்.740 எச்.எஸ். கேமராவை எடுத்துக்கோங்க. 2018ல வந்தது, 300 கிராம் எடை, 24 மி.மீ.லயிருந்து 960 மி.மீ. வரைக்கும் ஜூம். 960ஐ 24ஆல வகுத்தா 40. நிக்கான் பி1000, 24லயிருந்து 3,000 வரைக்கும், அதாவது 125 மடங்கு. ஆனா எடை 1.4 கிலோ. சட்டைப்பையில போகாது, கழுத்துல மாட்டினா கழுத்து வலிக்கும்.

இவ்வளவு ஜூம் இவ்வளவு சின்ன உடம்புல எப்படி அடங்குது? உள்ளே இருக்கிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, சுமார் 6 மி.மீ.க்கு நாலரை மி.மீ. சின்ன சென்சார்ங்கிறதாலதான் சின்ன லென்ஸே போதுமா இருக்கு. அதுக்கு நாம கொடுக்கிற விலை வெளிச்சம். முழு ஜூம்ல லென்ஸோட வாய் சுருங்கி, எஃப் 6.9 அளவுக்கு வந்துடும். விடிகாலை மங்கல்லயும் சாயங்காலம் சூரியன் இறங்கின பிறகும், வெளிச்சம் பத்தாம கேமரா ஐ.எஸ்.ஓ.வை ஏத்தும். படத்துல புள்ளி புள்ளியா வரும், அதைக் கேமராவே அழிக்கப் பார்க்கும், இறகோட நெளிவெல்லாம் மெழுகிடும். அதுதான் டீச்சர் சொன்ன சோப்புத் தண்ணி.

அப்போ உச்சி வெயில்ல எடுத்தா நல்லா வருமேன்னு தோணும். அங்கே வேற பிரச்சினை. ஏரி மேல, கரை மேல காத்து சூடாகி அலை அலையா எழும்பும். தார் ரோட்டுல கானல் தெரியுமே, அதே சங்கதி. 960 மி.மீ.ல அந்த நெளிவையும் சேர்த்துத்தான் ஜூம் பண்றோம். எவ்வளவு விலை கொடுத்த கேமராவும் இதுக்குத் தப்பாது. ஆக நல்ல படம் கிடைக்கிற நேரம், சூரியன் நல்லா மேலே வந்ததுலயிருந்து ஒரு ஒன்பதரை மணி வரைக்கும். அதுக்கப்புறம் சாயங்காலம் மூணரைக்கு மேல, இருட்டுற வரைக்கும். மத்த நேரம் கண்ணால பாருங்க.

இன்னொரு விஷயம் கண்ணு வெச்சுப் பார்க்கிற வியூஃபைண்டர். மேலே சொன்ன எஸ்.எக்ஸ்.740ல அது கிடையாது, திரையைப் பார்த்துத்தான் எடுக்கணும். வெயில்ல திரை தெரியாது. முழு ஜூம்ல பறவையைத் தேடுறதுக்குள்ள அது பறந்துடும். சோனி எச்.எக்ஸ்.99 மாதிரி சில சின்ன கேமராக்கள்ல சின்னதா ஒரு வியூஃபைண்டர் இருக்கு. அதோட ஜூம் 30 மடங்குதான், 720 மி.மீ. வெயில்ல நிக்கிறவங்களுக்கு நான் 40ஐ விட அந்த 30ஐத்தான் சொல்லுவேன்.

டீச்சர் ஒரு செலவில்லாத வழியும் சொன்னாங்க. பழைய துணிப்பையில அரை கிலோ அரிசியைப் போட்டுக் கட்டி, கரை மேல இருக்கிற கைப்பிடிச் சுவத்துல வெச்சு, அது மேல கேமராவை அழுத்திப் பிடிக்கிறது. கை நடுக்கம் பாதி குறைஞ்சிடுது. முழு ஜூம் போகாம முக்கால் பங்குல நிறுத்திடுறாங்க. முதல் ஆளுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா, அவரோட 6,000 ரூபாய் கணக்கு மாறியிருக்கும்.

விலை இறங்கட்டும்னு காத்திருக்கலாமா?

போன்ல இது நடக்கும், ஆறு மாசம் பொறுத்தா விலை இறங்கும். இந்த கேமராவுல அந்த நம்பிக்கை வேண்டாம். உலகம் முழுக்க 2010ல சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமரா கம்பெனிகள்லயிருந்து கடைக்கு வந்துச்சு. 2023ல அது 77 லட்சத்துக்குப் பக்கம்தான். சின்ன கேமராவோட வேலையைப் போன் எடுத்துக்கிச்சு. மாடல்கள் குறைஞ்சுபோச்சு. 2018ல வந்த மாடலைத் தேடி இன்னும் வாங்கறாங்கன்னா பாருங்க. இப்போ இளைஞர்கள் மத்தியில பழைய சின்ன கேமரா மோகம் வேற திரும்பியிருக்கு.

இதனால ரெண்டு விளைவு. புதுசோட விலை சீக்கிரம் இறங்காது. அதே காரணத்தால, நல்லா வெச்சிருந்த பழசும் ஓரளவு விலை நிக்கும். வாங்கி, ரெண்டு சீசன் பயன்படுத்தி, வித்துட்டு வெளியே வர முடியும். வரியைப் பொறுத்தவரை, ஜி.எஸ்.டி. தொடங்கினப்போ டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதம் இருந்துச்சு. 2018 டிசம்பர்ல கவுன்சில் முடிவு பண்ணி, 2019 ஜனவரி 1லயிருந்து 18 ஆக்கினாங்க. 'பில் இல்லாம தர்றேன், வரி மிச்சம்'னு யாராவது சொன்னா வாங்காதீங்க. பில் இல்லைன்னா இந்திய வாரண்டி கேட்க முடியாது, நாளைக்கு விக்கும்போதும் விலை அடிபடும்.

என் கருத்து

வாங்கலாமா, வேண்டாமா? நான் இப்போ சொல்றது இதுதான்.

முதல்ல மூணு தடவை வெறுங்கையோட போங்க. இல்லைன்னா ஒரு பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. கேமராவை விட ரொம்பக் குறைஞ்ச விலைக்கே நல்லது கிடைக்கும். மூணாவது தடவையும் விடிகாலையில எழுந்து போக மனசு வந்துச்சுன்னா, உங்களுக்கு இந்த ஆசை உண்மையானது. நாலாவது தடவை யார்கிட்டயாவது இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஒரு நாள் பாருங்க.

பிறகு பழசுலயிருந்து தொடங்குங்க. வாங்கும்போது பத்து தடவை ஆன், ஆஃப் பண்ணுங்க. லென்ஸ் சத்தமில்லாம நீண்டு மடங்கணும். வெள்ளைச் சுவரை முழு ஜூம்ல படம் எடுத்துப் பாருங்க, கறுப்புப் புள்ளி தெரிஞ்சா உள்ளே தூசி. டார்ச் அடிச்சு லென்ஸ் உள்ளே பாருங்க, நூல் மாதிரி படர்ந்திருந்தா பூஞ்சை. அந்த மாடலுக்கு பேட்டரி இன்னும் கிடைக்குதான்னு விசாரிங்க. ஒரு பேட்டரி முந்நூறு படத்துக்குப் பக்கம்தான் வரும், அதனால ரெண்டு வேணும். வீட்டுல காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பையோட வைங்க. நம்ம கடலோர ஈரத்துக்கு அது கட்டாயம்.

இ.எம்.ஐ. வேண்டாம். மாசம் 1,500 வீதம் 12 மாசத்துக்கு வங்கியில ஒரு ஆர்.டி. போடுங்க. 18,000மும் கொஞ்சம் வட்டியும் கையில இருக்கும். அவசரகால நிதி இல்லாதவங்க, கிரெடிட் கார்டு பாக்கி வெச்சிருக்கிறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. இதுல நான் மாறலை.

நான் மாறினது வேற இடத்துல. என் பழைய வீடியோவுல 40,000 ரூபாய் பத்து வருஷத்துல என்னவாகும்னு போட்டேன். அந்தப் பத்து வருஷத்துல மனுஷன் என்னவாவான்னு போடலை. முப்பது வயசுக்காரர் ஒரு செலவைத் தள்ளிப்போட்டா, பணமும் வளரும், அவருக்கு நேரமும் இருக்கும். அறுபதைத் தாண்டினவருக்கு அப்படி இல்லை. கடன் இல்லாம, மருத்துவச் செலவுக்கும் மாசச் செலவுக்கும் ஒதுக்கிட்டு மீதி இருக்கிறவர் அவருக்குப் பிடிச்ச ஒண்ணுக்கு 18,000 செலவு பண்ணா, அதை வீண்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? எல்லாரையும் ஒரே வீடியோவுல நிறுத்தினது என் தப்பு.

வேடந்தாங்கல்காரங்களைப் பாருங்க. 1798லயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுறாங்கன்னு அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, பாதுகாப்பு உத்தரவு வாங்கின ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி அவங்க வயலுக்கு உரம். அந்த வருமானமும் முக்கியம்தான். ஆனா வருமானத்துக்காக மட்டும் ஒரு ஊர் தலைமுறை தலைமுறையா தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காம இருக்காது. 2022ல ராம்சர் பட்டியல்லயும் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சேர்ந்துடுச்சு. இதெல்லாம் எந்த லாப நஷ்டக் கணக்குலயும் ஏறாத சொத்து.

போன ஜனவரியில டீச்சர்கிட்ட கேமரா இரவல் வாங்கி, நானே வேடந்தாங்கல் போய் படம் எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட காட்டினேன். ஒவ்வொண்ணா பார்த்தார். கூழைக்கடா குஞ்சுக்கு இரை ஊட்டுற படத்துல நிறுத்தி, "ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா, குஞ்சு தலையை முழுசா தாய் வாய்க்குள்ள விடும்டா. அவசரப்பட்டுட்டே"ன்னார்.

அன்னைக்கு சாயங்காலமே மாசம் 1,500 ஆர்.டி. தொடங்கினோம். நான் மொத்தமா வாங்கித் தர்றேன்னு சொன்னேன், அவர் ஒத்துக்கலை. "நீதானே சேர்த்து வெச்சு வாங்கச் சொல்லுவே"ன்னார். அடுத்த சீசன் முடியறதுக்குள்ள முதிரும். வேடந்தாங்கல் கரை மேல உட்கார பெஞ்ச் இருக்கு, பாதி தூரம் நடந்தாப் போதும். அரிசிப் பை அம்மா தைச்சு வெச்சாச்சு.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படி ஒரு டைரியை மூடி வெச்சிருக்காங்களான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு, பிறகு கணக்கு போடுங்க.